மூன்று முறை பூட்ட வேண்டிய வண்டி: பிரித்துக் கிடக்கும் பழைய பிக்கப்பை இன்றைய எஞ்சினோடு எழுப்ப ஒரு முழுமையான வழிகாட்டி

காரைக்குடி அருகே பள்ளத்தூரில் ஒரு பெரிய வீட்டின் மூன்றாம் கட்டில், முன்பு நெல் குதிர் இருந்த மூலையில், ஒரு செவ்ரோலெட் 3100 பிக்கப் பாகம் பாகமாகக் கிடந்தது. மட்கார்டுகள் சுவரில் சாய்ந்திருந்தன. கேபின் மேல் பழைய பாய் போர்த்தியிருந்தது. எஞ்சின் கோணிச் சாக்குக்குள் இருந்தது. போல்ட்டும் நட்டும் மட்டும் ஒரு பித்தளை அண்டா நிறைய. "எங்க ஐயா வாங்குன வண்டி தம்பி. ரிப்பேர் பாக்குறேன்னு ஒருத்தர் பிரிச்சாரு, அதோட சரி. ஒரு ஆணி வெளிய போகலை" என்றார் அந்த வீட்டு ஆச்சி. எண்ணிப் பார்த்து முடிக்க எனக்கு ஒன்பது நாள் ஆனது. ஆச்சி சொன்னது ஏறக்குறைய சரிதான்.

ஜெனரல் மோட்டார்ஸ் 1928 முதல் 1954 வரை பம்பாயில் செவ்ரோலெட் வண்டிகளைப் பூட்டி விற்றது. பர்மா, இலங்கை, மலேயா என்று கொண்டுவிற்கப் போய்த் திரும்பியவர்களின் வீடுகளில் அப்படி வந்த கார்களும் பிக்கப்களும் நின்றன. அவற்றில் சில இன்னும் வண்டிக் கொட்டகையிலும் பின்கட்டிலும் தூங்குகின்றன. அப்படி ஒன்று கையில் கிடைத்து, அதைத் தோட்டத்து வேலைக்கு நாள்தோறும் ஓடும் வண்டியாக்க ஆசைப்படுபவருக்காக இதை எழுதுகிறேன். செவ்ரோலெட்டை வைத்துச் சொன்னாலும் ஃபார்கோ, டாட்ஜ், வில்லிஸ் எல்லாவற்றுக்கும் வேலை வரிசை ஒன்றுதான்.

அந்த வரிசையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வண்டியை மூன்று முறை பூட்ட வேண்டும். முதல் முறை தரையில் பரப்பி. இரண்டாம் முறை பெயிண்ட் இல்லாத வெறும் இரும்பாக, ஓடக்கூடிய நிலை வரை. மூன்றாம் முறைதான் உண்மையான பூட்டு. இரண்டாவதைத் தாண்டிக் குதித்தால் என்ன ஆகும் என்பதை என் முதல் வண்டியில் பட்டேன். சேஸுக்கு அழகாகக் கறுப்பு அடித்து எஞ்சினை இறக்கியபோது, ஆயில் சம்ப் ஸ்டீயரிங் ராடில் இடித்தது. அடித்த பெயிண்டை எரித்து வெல்டிங் வைக்க வேண்டி வந்தது. அந்த இடம் இன்றைக்கும் துரு கக்குகிறது.

ஸ்பானருக்கு முன்னால் ஆர்.சி. புத்தகம்

கசப்பான பகுதியை முதலில் முடித்துவிடுவோம். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, தயாரித்த கம்பெனி குறித்துக் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதிசெய்து தீர்ப்புச் சொன்னது. வேறு கம்பெனி எஞ்சினைப் பூட்டிவிட்டு, "பிறகு ஆர்.டி.ஓ. ஆபீசில் பார்த்துக்கொள்ளலாம்" என்று இருந்தால் பார்க்க எதுவும் இருக்காது. முதலில் எழுதிக் கேளுங்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள். அனுமதி கைக்கு வராதவரை வண்டி உங்கள் சொந்த நிலத்துக்குள் ஓடும் வண்டிதான். பள்ளத்தூர் பிக்கப் இன்றுவரை ஆச்சி வீட்டுத் தென்னந்தோப்பைத் தாண்டியதில்லை. தேங்காயும் உரமும் ஏற்றுகிறது. அதற்காகத்தான் அதைச் செய்தோம்.

இன்னொரு வழியும் இருக்கிறது. 2021 ஜூலையில் வந்த மத்திய விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த, வாடகைக்கு ஓடாத வண்டியை 'விண்டேஜ்' என்று பதியலாம். நம்பரில் 'வி.ஏ.' என்ற எழுத்து வரும். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பதிவு 10 ஆண்டு செல்லும். கண்காட்சி, ராலி, எண்ணெய் போட, பராமரிப்பு என்று மட்டுமே ரோட்டில் ஓட்டலாம். ஆனால் சேஸ், பாடி, எஞ்சின் இவற்றில் பெரிய மாற்றம் செய்திருந்தால் அந்தப் பதிவு கிடையாது. உங்களுக்கு வேண்டியது அந்த நம்பர் பிளேட் என்றால் பழைய எஞ்சினையே ஓவராயில் செய்து பூட்டுங்கள். இந்த வழிகாட்டி உங்களுக்கு வேண்டாம்.

இதனால்தான் நான் ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறேன். புதிதாக வரும் எதுவும் போல்ட்டில்தான் உட்கார வேண்டும், அசல் சேஸில் வெல்டிங் பொட்டு விழக்கூடாது. பழைய எஞ்சின், கியர்பாக்ஸ், ஆக்சில் மூன்றையும் கிரீஸ் தடவிப் பத்திரமாக வைக்க வேண்டும். ஆச்சியின் பேரப்பிள்ளைகள் ஒருநாள் இதை அசலாக்கிப் பதிய நினைத்தால், அந்த வழியை நாம் அடைத்ததாக இருக்கக்கூடாது. சேஸ் நம்பரை உரசாதீர்கள், பட்டி வைத்து மூடாதீர்கள். துணியால் துடைத்து, பென்சில் தேய்த்து, காகிதத்தில் பிரதி எடுத்துப் பூட்டி வையுங்கள்.

முதல் பூட்டு: தரையில்

சிமெண்ட் தரையில் சாக்பீஸால் வண்டியின் உருவத்தை வரையுங்கள். 3100-இன் வீல்பேஸ் 116 அங்குலம், அதாவது 2,946 மில்லிமீட்டர். அந்தக் கோட்டுக்குள் ஒவ்வொரு பாகத்தையும் அதனதன் இடத்தில் வையுங்கள். ரேடியேட்டர் முன்னால், டெயில் போர்டு பின்னால், கதவுகள் இரு பக்கமும். (ஆத்தங்குடிக் கல் பதித்த தளத்தில் மட்டும் இதைச் செய்ய வேண்டாம். எண்ணெய் ஒருமுறை இறங்கினால் போகாது.) எங்கே இடம் காலியாக இருக்கிறதோ அதுதான் உங்கள் 'இல்லை' பட்டியல். எங்களுக்கு ஸ்டெப்னி கிளாம்ப், ஒரு கதவுப் பூட்டு, வலது பின்கமானின் (பட்டை ஸ்பிரிங்கின்) யு-போல்ட் இரண்டும் இல்லை. பூட்டு சென்னைப் புதுப்பேட்டையின் பழைய பாகக் கடைகளில் கிடைத்தது. மற்றவற்றை லேத்தில் அடித்தோம்.

அடுத்தது அண்டா. அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை நுழையாது என்பார்கள். இந்த அண்டாவுக்கு ஒரு வாரம் கொடுங்கள். எல்லாவற்றையும் டீசலில் ஊறவைத்துத் துலக்கி, மரை வாரியாகப் பிரியுங்கள். பழைய அமெரிக்க வண்டியில் எல்லாம் அங்குல மரை. இன்று நீங்கள் கொண்டுவரப்போகும் எஞ்சினில் எல்லாம் மில்லிமீட்டர் மரை. ஆபத்து இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. 5/16 அங்குல போல்ட் 7.94 மில்லிமீட்டர், எம்8 போல்ட் 8. உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள்தான். 5/16 நட்டில் எம்8 போல்ட்டைக் கொடுத்தால் இரண்டு சுற்று பிடிக்கும், பிறகு இறுகும். 'நன்றாக இறுகிவிட்டது' என்று கை சொல்லும். உள்ளே மரை அறுந்திருக்கும். மரை கேஜ் ஒன்று வாங்கி, சந்தேகம் வரும் ஒவ்வொன்றையும் வைத்துப் பாருங்கள். நான் அங்குல போல்ட்டுகளை நீல டப்பாவிலும் மில்லிமீட்டரைச் சிவப்பு டப்பாவிலும் போடுவேன். பட்டறைக்கு வரும் பையன்களுக்கு முதல் பாடம் அதுதான்.

ஸ்டீயரிங், பிரேக், கமான், சக்கரம் இந்த நான்கிலும் பழைய போல்ட்டைத் திரும்பப் போடாதீர்கள். புதிதாக, தலையில் 8.8 என்று பொறித்ததையோ, அங்குல போல்ட் என்றால் தலையில் மூன்று கோடு உள்ளதையோ போடுங்கள்.

துருவை எடுப்பது

மின்வேதியியல் ஆராய்ச்சிக்கென்றே அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்து எழுந்த மத்திய நிறுவனம் இருக்கிற ஊர் காரைக்குடி. துரு எடுக்கவும் மின்வேதி முறையே சிறந்தது, வீட்டிலேயே செய்யலாம். ஒரு பிளாஸ்டிக் பீப்பாய், தண்ணீர், 10 லிட்டருக்கு 50 கிராம் கணக்கில் சலவைச் சோடா, ஒரு பேட்டரி சார்ஜர். துருப்பிடித்த பாகத்தைச் சார்ஜரின் நெகட்டிவில் கட்டித் தொங்கவிடுங்கள். பாசிட்டிவில் ஒரு பழைய இரும்புத் தகட்டைக் கட்டுங்கள். இரண்டும் ஒன்றையொன்று தொடக்கூடாது. ஓர் இரவில் துரு கறுப்புச் சேறாகக் கழன்றுவிடும், நல்ல இரும்பு அப்படியே இருக்கும்.

மூன்று எச்சரிக்கை. பாசிட்டிவில் எவர்சில்வர் வைக்கவே வேண்டாம், நச்சுக் குரோமியம் தண்ணீரில் இறங்கும். ஹைட்ரஜன் வாயு வருவதால் திறந்த வெளியில் வையுங்கள், பக்கத்தில் பீடி, தீக்குச்சி கூடாது. கமான் பட்டை, சுருள் ஸ்பிரிங், கடினமான போல்ட் இவற்றை இதில் போடாதீர்கள். ஹைட்ரஜன் உள்ளே புகுந்து எஃகை நொறுங்க வைக்கும். அவற்றுக்குக் கம்பி பிரஷ்தான்.

கேபின் தரை, கதவின் அடிவிளிம்பு, மட்கார்டு சேரும் இடம் இவை ஓட்டையாகத்தான் இருக்கும். பட்டி வைத்து மறைக்காமல், டிங்கரிடம் கொடுத்து வெட்டி, அதே கனத் தகட்டில் ஒட்டுப் போடுங்கள்.

டோனர் வண்டியைத் தேர்ந்தெடுப்பது

எஞ்சின், கியர்பாக்ஸ், ஆக்சில் எல்லாம் கழற்றி எடுக்க நாம் வாங்கும் இன்றைய வண்டிதான் டோனர். பழைய எஞ்சின் கெட்டதல்ல. 216 கன அங்குலம், 3.5 லிட்டர், ஆறு சிலிண்டர். ஆனால் அதன் கனெக்டிங் ராட் பேரிங்குகள் வெள்ளை உலோகம் ஊற்றியவை. எண்ணெயும் பம்பின் முழு அழுத்தத்தில் அவற்றுக்குப் போகாது. ராடின் அடியில் இருக்கும் சிறு கரண்டி எண்ணெயை மொண்டு கொள்ளும். நிதானமாக ஓட்டினால் ஆயுசு முழுக்க ஓடும், பாரத்தோடு விரட்டினால் ராட் தட்டும். அந்த பேரிங் ஊற்றத் தெரிந்த கைகளும் குறைந்துவிட்டன.

நான் எடுத்தது விபத்தில் முன்பக்கம் நொறுங்கிய ஓர் இசுசு டி-மேக்ஸ். 2.5 லிட்டர் டீசல், பின்சக்கர ஓட்டம். முக்கியக் காரணம் வேறு. அதன் சக்கரத்தில் 139.7 மில்லிமீட்டர் வட்டத்தில் ஆறு போல்ட். 3100-இன் சக்கரத்திலும் அதே வட்டம், அதே ஆறு. பின்னால் புது ஆக்சில், முன்னால் பழைய ஆக்சில் என்று வைத்தாலும் நான்கு சக்கரமும் ஒரே மாதிரி இருக்கும், ஒரே ஸ்டெப்னி போதும். ஸ்டட் கனம் மட்டும் வேறு. முன்னுக்கும் பின்னுக்கும் நட்டைக் கலக்காதீர்கள்.

டோனரை முழு வண்டியாக வாங்குங்கள். எஞ்சினை மட்டும் தனியாக விற்றால் விலை குறைவாகத் தெரியும். முதல் முறை நான் அப்படி வாங்கினேன். பிரித்தவர் ஒயரிங் கட்டை, எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள தீத்தடுப்புச் சுவரின் ஓரமாகப் பிளேடு போட்டு அறுத்திருந்தார். 60-க்கு மேல் ஒயர்கள், பாதிக்கு நிறம் மங்கியிருந்தது. ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்க்க ஒன்றரை மாதம். இன்றைய எஞ்சினுக்கு அதன் ஈ.சி.எம். பெட்டி (எஞ்சினை ஆளும் கணினி), ஆக்சிலரேட்டர் பெடல், சாவி, சாவியை அடையாளம் காணும் இம்மொபிலைசர், மீட்டர் எல்லாம் சேர்ந்தே வர வேண்டும். வாங்கும் முன் அந்த வண்டியிலேயே ஸ்டார்ட் செய்து பாருங்கள். ஆர்.சி., காப்பீட்டு ஏலக் காகிதம், எஞ்சின் நம்பர் எழுதிய பில் மூன்றும் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள்.

கியர் கணக்கையும் வாங்கும் முன்னரே போடுங்கள். டயர் உயரம் 72 சென்டிமீட்டர் என்றால் ஒரு சுற்றுக்கு 2.26 மீட்டர் ஓடும். பழைய வண்டியில் டாப் கியர் நேர் கியர், பின் ஆக்சிலின் கிரவுன் பல் விகிதம் 4.11. எஞ்சின் 2,500 சுற்றில் மணிக்கு 82 கிலோமீட்டர். ஐந்தாம் கியர் 0.8, கிரவுன் 4.1 என்று இருந்தால் அதே 2,500 சுற்றில் 103. உங்கள் டோனரின் எண்களை இந்தக் கணக்கில் போட்டுப் பாருங்கள். தோட்டத்துக்கும் பாரத்துக்கும் முதல் கியர் எவ்வளவு மெதுவாகப் போகும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

சேஸ் நேராக இருக்கிறதா

நான்கு ஸ்டாண்டில் சேஸை ஏற்றி, ரசமட்டம் வைத்துச் சமம் செய்யுங்கள். கமான் பிராக்கெட் ஓட்டைகளிலிருந்து தூக்குக்குண்டு விட்டுத் தரையில் புள்ளி வையுங்கள். முன் வலது புள்ளியிலிருந்து பின் இடது, முன் இடதிலிருந்து பின் வலது என்று குறுக்கே அளங்கள். இரண்டும் 3 மில்லிமீட்டருக்குள் ஒத்தால் சரி. அதற்கு மேல் என்றால் சேஸ் நிமிர்த்தும் பட்டறைக்குப் போக வேண்டும். கோணல் சேஸ் மேல் எவ்வளவு நல்ல வேலை செய்தாலும் வீண்தான்.

இரண்டாம் பூட்டு: வெறும் இரும்பில்

வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. ஆற அமரச் செய்யுங்கள்.

முதலில் டார்க் டியூப் பற்றிச் சொல்ல வேண்டும். 1954 வரை வந்த அரை டன் செவ்ரோலெட் பிக்கப்களில், கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலைச் சுழற்றும் ஷாஃப்ட் வெளியே தெரியாது, ஒரு தடித்த குழாய்க்குள் ஓடும். அந்தக் குழாய் வெறும் மூடி இல்லை. பின்சக்கரம் வண்டியைத் தள்ளும் விசை அந்தக் குழாய் வழியாகத்தான் கியர்பாக்ஸுக்குப் போகிறது. அதை எடுத்துவிட்டுத் திறந்த ஷாஃப்ட் போட்டால், தள்ளும் வேலையும் முறுக்கைத் தாங்கும் வேலையும் கமான் பட்டைகளின் தலையில் விழும். ஆகவே பட்டைகள் களைத்திருந்தால் மறுபடி வளைத்து டெம்பர் ஏற்றி, முன் கண்ணில் புது புஷ் போடாமல் மேலே போகாதீர்கள். பழைய ஆக்சிலைத் திறந்த ஷாஃப்ட்டுக்கு மாற்றுவது தேவையற்ற போராட்டம். டோனரின் ஆக்சில் முழுதாக வரட்டும்.

செயின் பிளாக்கில் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் சேர்த்தே இறக்குங்கள். இறங்கும்போது நான்கு இடத்தில் கண் வையுங்கள். சம்ப் முன் ஆக்சிலின் மேல், ஸ்டீயரிங் பெட்டிக்கும் எக்ஸாஸ்ட்டுக்கும் நடுவில், ஃபேனுக்கும் ரேடியேட்டருக்கும் இடையில், கியர் லீவர் கேபின் தரையில் வரும் இடம். முன் ஆக்சில் மேலே ஏறும்போது சம்பைத் தொடக்கூடாது. குழியில் இறங்கினால் கமான் எவ்வளவு அமுங்குமோ அவ்வளவு இடைவெளி வேண்டும். பம்ப் ஸ்டாப்பர் என்ற ரப்பர் தடுப்பில் ஆக்சில் முட்டும் வரை ஜாக்கி வைத்து ஏற்றிப் பார்த்தே உறுதி செய்யுங்கள். எங்கள் வண்டியில் எஞ்சினை 40 மில்லிமீட்டர் பின்னால் தள்ளி, ரேடியேட்டரை அசல் இடத்திலேயே விட்டோம்.

எஞ்சினைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தைத் தனியாகச் செய்து, சேஸில் ஏற்கெனவே உள்ள ஓட்டைகளில் போல்ட் போடுங்கள். புது ஓட்டை தவிர்க்கவே முடியாது என்றால் சேஸ் பட்டத்தின் நின்ற பக்கத்தில், நடுவாக மட்டும். மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் ஓட்டை போடவே கூடாது. பாரம் ஏறும்போது இழுவையும் அமுக்கமும் அதிகம் விழுவது அங்கேதான், விரிசல் அந்த ஓட்டையிலிருந்துதான் கிளம்பும். எங்கள் வண்டியில் பக்கத்துக்கு இரண்டு புது ஓட்டை. அதைக் கூட ஆச்சியிடம் சொல்லிவிட்டுத்தான் போட்டேன்.

அடுத்து கோணம். எஞ்சினும் கியர்பாக்ஸும் பின்பக்கமாக 3 டிகிரி தாழ்ந்து இருக்கட்டும். ஆக்சிலின் பினியன் (ஷாஃப்ட் வந்து சேரும் முனை) அதே 3 டிகிரி மேல்நோக்கிப் பார்க்க வேண்டும். இரண்டு கோடும் இணையாக ஓடினால் ஷாஃப்ட்டின் முன் கிராஸ் (மடியும் மூட்டு) தரும் தடுமாற்றத்தைப் பின் கிராஸ் சமன் செய்துவிடும். கமான் வண்டியில் ஓடும்போது பினியன் மூக்கைத் தூக்கும் என்பதால், அதை ஒரு டிகிரி, அதிகம் போனால் இரண்டு டிகிரி தாழ்த்தி வையுங்கள். ஒவ்வொரு கிராஸிலும் ஷாஃப்ட் மடியும் கோணம் 1 முதல் 3 டிகிரிக்குள் இருக்கட்டும். அளவு பார்க்கக் காந்தம் வைத்த கோணமானி போதும்.

இந்த அளவை எடுக்கும்போது வண்டி தன் எடையில் நிற்க வேண்டும். கேபின், பானட், பின்னால் பாரம் ஏற்றும் தொட்டி, பேட்டரி எல்லாம் ஏற்றி, இல்லாத பாகத்துக்கு மணல் மூட்டை வைத்து, டயர் தரையில் இருக்கும்போது எடுங்கள். ஸ்டாண்டில் தூக்கி வைத்து எடுத்த கோணம் பொய்.

பிறகு டோனர் ஆக்சிலின் குழாயில் கமான் சீட்டைப் பொட்டு வைத்து நிறுத்தி, மறுபடி அளந்து, பிறகே முழு வெல்டிங். பேட்டரியைக் கழற்றி, ஈ.சி.எம். பெட்டியை எடுத்து வைத்துவிட்டு ஆரம்பியுங்கள். ஆக்சில் ஷாஃப்ட்டையும் சீலையும் உருவிவிடுங்கள். ஒரே இழுப்பாக ஓட்டினால் குழாய் வளைந்து சீல் தின்னும். ஓர் அங்குலம் வைத்து, மறுபக்கம் போய் ஓர் அங்குலம் வைத்து, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, மறுபடி. எங்களுக்கு இரண்டு சீட்டுக்கும் சேர்த்து ஒரு முழுப் பகல் போனது. வெல்டர் அண்ணன் நடுவில் இரண்டு முறை டீக்கு எழுந்தார். அந்த இடைவெளியும் வேலைக்கு நல்லதாகவே போயிற்று.

ஷாஃப்ட் நீளத்தையும் இதே நிலையில் அளங்கள். சறுக்கும் முனையை முழுதாக உள்ளே தள்ளி, 25 மில்லிமீட்டர் வெளியே இழுத்த நிலையில் வரும் நீளமே சரி. வெட்டி ஒட்டும்போது இரண்டு முனையின் கவைகளும் ஒரே நேர்கோட்டில் இருக்கிறதா பாருங்கள். பேலன்ஸ் செய்யாமல் பூட்டாதீர்கள்.

பிரேக்

பழைய வண்டியில் தரைக்கு அடியில் ஒற்றைச் சுற்று மாஸ்டர் சிலிண்டர். ஒரு பைப் உடைந்தால் நான்கு சக்கரமும் போச்சு. இரட்டைச் சுற்று மாஸ்டரும் பூஸ்டரும் டோனரிலிருந்தே எடுங்கள். டீசல் எஞ்சினின் இன்டேக்கில் பூஸ்டருக்குப் போதிய வாக்கம் (வெற்றிட உறிஞ்சல்) கிடைக்காது. அதனால் டோனரின் வாக்கம் பம்ப், அதன் ஹோஸ், ஒருவழி வால்வு மூன்றும் சேர்ந்தே வர வேண்டும்.

முன்னால் டிஸ்க் வேண்டும் என்றால், பழைய ஸ்பிண்டிலில் போல்ட்டில் உட்காரும் கிட் வெளிநாட்டில் விற்கிறது. அதை வரவழையுங்கள். கேலிப்பர் பிராக்கெட்டை லேத்தில் தோராயமாக அடித்துக்கொள்வது உயிரோடு விளையாடுவது. மாஸ்டர் சிலிண்டர் தரைக்கு அடியிலேயே, சக்கரத்து சிலிண்டரைவிடத் தாழ்வாக இருந்தால் எண்ணெய் திரும்பி வடியும். டிஸ்க் லைனில் 2 பி.எஸ்.ஐ., டிரம் லைனில் 10 பி.எஸ்.ஐ. மிச்ச அழுத்த வால்வு போடுங்கள். பூஸ்டர் இருந்தால் பெடல் விகிதம் 4-க்கு 1 போதும். இரும்புப் பைப், இரட்டை மடிப்பு முனை. காற்று எடுப்பதை மாஸ்டரிலிருந்து தூரமான சக்கரத்தில் தொடங்குங்கள். நம் வலதுபக்க ஸ்டீயரிங் வண்டிக்கு அது பெரும்பாலும் பின் இடது.

முன்பக்கம், குளிர்ச்சி, டீசல்

முன் ஆக்சிலை வெட்டி எறிந்துவிட்டுக் காரின் சஸ்பென்ஷனை ஒட்டுவதை நான் செய்வதில்லை. சேஸை வெட்டாமல் அது முடியாது. கிங் பின், புஷ், டை ராட் முனை எல்லாம் புதிதாகப் போட்டால் அந்த இரும்பு ஆக்சில் தோப்புப் பாதைக்கு அருமையாக இருக்கிறது.

பழைய ரேடியேட்டர் கூட்டை வைத்துக்கொண்டு உள்ளே புதுப் பித்தளைக் கோர் போடுங்கள். ஃபேனைச் சுற்றிக் கூண்டு அவசியம். சித்திரை வெயிலில் செம்மண் தூசிக்கு நடுவில், முதல் கியரில் ஊர்ந்து போகும்போது தெரியும் அதன் அருமை.

1949-க்குப் பிறகு வந்த 3100-இல் டேங்க் சீட்டுக்குப் பின்னால், கேபினுக்குள் இருக்கும். அதை வெறுமையாக அப்படியே விட்டுவிட்டு, தொட்டிக்கு அடியில் சேஸ்களுக்கு நடுவே டோனரின் டேங்க்கைத் தொங்கவிடுங்கள். டீசல் எஞ்சினுக்குத் திரும்பி வரும் லைன் உண்டு, அதற்கு வாய் இருக்கிற டேங்க் வேண்டும். பழைய டேங்க்கின் துரு ஒரு பொடி உள்ளே போனாலும் இன்ஜெக்டர் செலவு தலைக்கு மேல். பெட்ரோல் இருந்த டேங்க்கில், எத்தனை ஆண்டு காலியாகக் கிடந்திருந்தாலும், வெல்டிங் வைக்கவே வைக்காதீர்கள்.

ஒயரிங்

பழையது 6 வோல்ட், புதியது 12. பல்ப் எல்லாம் மாறும். டெம்பரேச்சர் மீட்டரும் ஆயில் மீட்டரும் குழாய் வழியே வேலை செய்பவை, அவற்றுக்கு வோல்ட் பொருட்டில்லை. எஞ்சின் பக்கத்து முனைக்கு மட்டும் மரை மாற்றும் அடாப்டர் வேண்டும். பெட்ரோல் மீட்டருக்கு வோல்டேஜ் குறைப்பான் வேண்டும். செவ்ரோலெட்டின் பழைய மீட்டர் 0 முதல் 30 ஓம் வரை படிப்பது, டேங்க்குள் மிதவையும் அந்தக் கணக்கில் இருக்க வேண்டும்.

ஆம்பியர் மீட்டரில் மட்டும் ஏமாறாதீர்கள். பழைய டைனமோவுக்குச் செய்த மீட்டர் அது. இன்றைய ஆல்டர்னேட்டரின் முழுக் கரண்டும் அதன் வழியாகப் போனால் டேஷ்போர்டுக்குப் பின்னால் தீப்பிடிக்கும். அதன் முகத்தை வைத்துக்கொண்டு உள்ளே வோல்ட் மீட்டரைப் பொருத்தினோம்.

டோனர் ஒயரிங்கை வெட்டாமல், தேவையில்லாத கிளைகளை மட்டும் பிரித்து ஓரமாகக் கட்டுங்கள். எஞ்சினிலிருந்து சேஸுக்கும் சேஸிலிருந்து கேபினுக்கும் தனித்தனி எர்த் பட்டை போடுங்கள். மீட்டர் ஆடினால், லைட் மங்கினால் பத்தில் எட்டு முறை எர்த் போல்ட்டுக்கு அடியில் இருக்கும் பெயிண்ட்தான் குற்றவாளி.

இந்த நிலையிலேயே, பெயிண்ட் இல்லாமல், ஸ்டார்ட் செய்யுங்கள். காம்பவுண்டுக்குள் ஐம்பது அடி முன்னால், ஐம்பது அடி பின்னால். பிரேக் பிடியுங்கள். இருபுறமும் முழுசாக ஸ்டீயரிங் ஒடியுங்கள். எங்கே உரசுகிறது, எங்கே ஒழுகுகிறது, எந்த போல்ட்டுக்கு ஸ்பானர் நுழையவில்லை, எல்லாவற்றையும் எழுதுங்கள். எங்கள் பட்டியலில் 34 வரி. அத்தனையும் தீர்ந்த பிறகுதான் பிரிக்க வேண்டும்.

மூன்றாம் பூட்டு

எபாக்சி பிரைமர், பிறகு நிறம். சேஸின் உள்பக்கத்துக்கு மெழுகு கலந்த துருத்தடுப்பு. எர்த் வரும் இடங்களில் டேப் ஒட்டிவிட்டு அடியுங்கள். இனி வேலை வேகமாகப் போகும், எல்லாம் ஒருமுறை பொருந்திய பாகங்கள்.

தொட்டியின் தரை மரப்பலகை, நடுவில் இரும்புப் பட்டைகள். ஆறரை அடி நீளப் பலகை வேண்டும். நம் பக்கம் இடிபடும் வீடுகளிலிருந்து பர்மாத் தேக்கு உத்தரமும் சட்டமும் விற்பனைக்கு வருகின்றன. ஆச்சி தம் வீட்டுக் கொட்டகை இடிந்தபோது எடுத்து வைத்திருந்த நான்கு சட்டங்களைக் கொடுத்தார். ஆசாரி ரம்பம் வைத்ததும், அத்தனை ஆண்டு கழித்தும் தேக்கின் எண்ணெய் வாசம் பட்டறை முழுக்கப் பரவியது. உள்ளே பழைய ஆணி இருக்கும், காந்தம் வைத்துத் தேடிப் பிடுங்கிவிட்டே ரம்பம் போடுங்கள். இருபக்கமும் ஆளி விதை எண்ணெய் மூன்று கை. வார்னிஷ் வேண்டாம், பாரம் உரசினால் உரிந்து நிற்கும்.

ஓட்டத் தொடங்கியதும்

முதல் நாள் கால் மணி நேரம் ஓட்டி, ஆறவிட்டுத் தண்ணீர் அளவு பாருங்கள். 50 கிலோமீட்டரில் சக்கர நட்டுகள், யு-போல்ட்டுகள். 100-இல் மறுபடி யு-போல்ட். புதுக் கமான் படிந்து உட்காரும்போது அவை தளர்வது இயல்பு. எஞ்சின் மவுண்ட், ஷாஃப்ட் ஃபிளேஞ்ச், ஸ்டீயரிங் பெட்டி போல்ட் இவற்றில் பெயிண்டால் ஒரு கோடு போட்டு வைத்தால், நகர்ந்ததா இல்லையா என்று குனிந்து பார்த்தாலே தெரியும். 500-இல் கிரவுன் எண்ணெயை மாற்றுங்கள்.

பழைய எஞ்சினை மறக்க வேண்டாம். ஸ்பார்க் பிளக் ஓட்டை வழியாக ஒவ்வொரு சிலிண்டரிலும் இரண்டு கரண்டி எஞ்சின் ஆயில் விட்டு, மரச்சட்டத்தில் நிறுத்தி, தார்ப்பாய் போர்த்தியிருக்கிறோம். மாதம் ஒருமுறை கிராங்க்கை ஒன்றேகால் சுற்றுத் திருப்ப வேண்டும், அப்போதுதான் பிஸ்டன் ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் நிற்கும். அமாவாசைக்கு அமாவாசை ஆச்சியின் பேரன் திருப்புகிறான். சுவரில் கரிக்கோடு போட்டுக் கணக்கு வைத்திருக்கிறான். போன வாரம் போனபோது 19 கோடு இருந்தது.